நூற்றைம்பது அடி தள்ளி

ஒக்டோபர் 12

இன்று நான் அப்பாவிடம் சொல்லாதது: வேலியை அந்த இடத்தில் போடக்கூடாது என்று ஓரெஸ்ட் சொன்னார்.

ஓரெஸ்ட் எங்களுக்கு மேற்குப் பக்கத்து வயல்காரர். அறுபது வயதிருக்கும். அவருடைய கோதுமை வயல் எங்கள் எல்லையில் தொடங்கி வானம் முடியும் இடம்வரை போகிறது. அப்பா ஊன்றியிருந்த கட்டைகளையும் அடுக்கி வைத்திருந்த தகரங்களையும் கண்டு ட்ரக்கை நிறுத்தி இறங்கி வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒன்றும் விடாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

"இது வேலி இல்லை, சுவர். சுவர் பனியைத் தடுக்காது. என் வயலில் கிடக்கிற பனி முழுவதையும் வாங்கி உங்கள் பாதையில் கொட்டும். பாதையிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி, என் வயலுக்குள் போடுங்கள். பாதி மரம், பாதி வெளி. கீழே ஒரு சாண் திறந்திருக்கட்டும். காற்று உள்ளே புகுந்து வரும்போது களைத்துப்போகும். களைத்த காற்று பனியை அங்கேயே இறக்கிவிடும், பாதைவரை தூக்கி வராது. மரச் சலாகைகளைக் கம்பியில் கோத்த வேலிச் சுருள்கள் என் கொட்டகையில் சும்மா கிடக்கின்றன. எடுத்துக்கொள்ளச் சொல்."

அப்பா குழி தோண்டிய அலவாங்கை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னவாம் பிள்ளை?"

"நல்ல வேலியாம், அப்பா. இவ்வளவு நேரா ஒருத்தரும் போட்டதைத் தான் காணேல்லையாம்."

அப்பா சிரித்தார். மார்ச்சில் அம்மா இறந்தபிறகு அவருடைய பல்லை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். ஓரெஸ்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா தன் யோசனையை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து ஓரெஸ்டும் குலுக்கினார். இருவரும் மகிழ்ச்சியாகப் பிரிந்தார்கள். நான் உள்ளே வந்து தேநீர் போட்டேன். அப்பாவின் கோப்பையில் இரண்டு முறை சீனி போட்டுவிட்டேன்.

ஒக்டோபர் 13

யோசித்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு வேலி என்றால் எல்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கும் ஒரு முழ நிலத்துக்காகப் பதினொரு வருடம் வழக்கு நடந்தது. வேலி எல்லையில் நிற்கவேண்டும். ஓலையோ தகரமோ, அடுத்த வீட்டுக் கோழி தலை நீட்ட இடம் இருக்கக்கூடாது. காற்றுப் புகும் வேலி, அதுவும் அடுத்தவன் காணிக்குள் நிற்கும் வேலி, அவருடைய கணக்கில் வேலியே அல்ல.

சாப்பிடும்போது விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். "அப்பா, வேலியை ஓரெஸ்டின்ர வயலுக்குள்ள போட்டால் என்ன?"

"விசரே உனக்கு? இண்டைக்கு அவன் ஓம் எண்டுவான். நாளைக்கு அவன்ர மகன் வந்து ஆரைக் கேட்டுப் போட்டனியள் எண்டுவான். நாளண்டைக்கு வழக்கு, கோடு, கச்சேரி."

"மாமா, இந்த ஊரில கோட்டுக்குப் போகவும் ஐம்பது மைல் ஓடவேணும்" என்றாள் அண்ணி, வயிற்றில் தட்டை வைத்துச் சாப்பிட்டபடி. ஆறாம் மாதம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வயிறுதான் மேசை.

அப்பா சிரித்தார். இரண்டு நாளில் இரண்டு சிரிப்பு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

ஒக்டோபர் 27

வேலி முடிந்தது. வீட்டு முற்றத்திலிருந்து பெரிய ரோட்டுவரை இருநூறு மீற்றர். எண்பத்திரண்டு கட்டை. ஆறடி உயரத் தகரம், ஒன்றின்மேல் ஒன்று நாலு விரல் ஏறி நிற்கிறது. மேலே, நடுவில், கீழே என்று ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று கட்டுக்கம்பி. கீழ் விளிம்பு ஒரு விரல் வெளிகூட இல்லாமல் தரையைத் தொட்டு நிற்கிறது. பாதைக்கும் வேலிக்கும் இடையில் பன்னிரண்டு அடிகூட இல்லை.

இதை அவர் அண்ணிக்காகத்தான் போட்டார். போன குளிர்காலம், இங்கே எங்களுக்கு முதல் குளிர்காலம், மூன்று முறை பாதை மூடிப்போனது. "பிள்ளை பிறக்கிற நேரம் பாதை திறந்திருக்கவேணும்" என்று ஓகஸ்டில் ஒருநாள் திடீரென்று எழும்பி, பழைய தானியக் கொட்டகையைப் பிரிக்கத் தொடங்கினார். அதுவரை ஐந்து மாதம் அவர் கட்டிலை விட்டு ஆடுகளைப் பார்க்கக்கூட இறங்கியதில்லை.

ஒருநாள் மட்டும் இறங்கினார். மே மாதம் அவர் பெரிய ரோட்டின் நடுவில் லொறிகளுக்கு எதிரே நின்றதைப் பற்றி அன்றைக்கு எழுதவில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. ஓரெஸ்ட்தான் கூட்டிக்கொண்டு வந்தார். "நல்ல வெயில், நடக்கப் போயிருக்கிறார்" என்றார் என்னிடம். அன்று மழை.

நவம்பர் 5

அண்ணியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அண்ணா லொறியோடு வன்கூவர் பக்கம் நிற்கிறார். மருத்துவர் படத்தில் காட்டினார்: நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரும் வழியை மூடிக்கொண்டிருக்கிறது. ஜனவரி 16 அன்று அறுத்துத்தான் எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே வரவேண்டும். "எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எண்பது கிலோமீற்றர் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார், பிறகு திறந்து எழுதினார்.

அண்ணா ஜனவரி 11 வந்து, 12 அன்று அவளை நகரத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவு.

நவம்பர் 9

முதல் பனி. ஆடுகள் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை.

நவம்பர் 14

நூலகத்தில் மாகாண வேளாண்மைத் துறையின் பழைய கையேடு ஒன்று கிடைத்தது. இருபது பக்கம். பனி வானத்திலிருந்து விழுவதைவிடத் தரையில் ஓடுவதுதான் ஆபத்து என்று எழுதியிருக்கிறது. மணல்போல உருண்டு, தாவி, மைல்கணக்கில் ஓடுமாம். எங்கே காற்று திடுக்கிட்டு நிற்கிறதோ அங்கே படுத்துவிடுமாம். வேலிக்கும் பாதைக்கும் இருக்கவேண்டிய தூரம் வேலியின் உயரத்தைப்போல் முப்பத்தைந்து மடங்கு. நாலடி வேலிக்கு நூற்று நாற்பது அடி. ஓரெஸ்ட் கையேடு பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் பத்தடிதான் வித்தியாசம்.

ஒன்பதாம் பக்கத்தில் படம். இறுக்கமான வேலி, பக்கத்தில் பாதை, பாதைமேல் பனிக்குன்று. கீழே 'தவறான அமைப்பு' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டை யாரோ வந்து பார்த்து வரைந்ததுபோல இருந்தது. கையேட்டை எடுத்துவராமல் அலுமாரியில் திருப்பி வைத்துவிட்டேன். வீட்டில் கிடந்தால் அப்பா படத்தைப் பார்ப்பார். படத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

நவம்பர் 21

முதல் காற்று. ஆறு மணித்தியாலம். தகரம் முழுதும் ஒரே குரலில் முனகியது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஓரெஸ்டின் வயலில் கோதுமை அறுத்த அடிக்கட்டை எல்லாம் தெரிகிறது, துடைத்துவிட்டதுபோல. எங்கள் பாதையில் முழங்காலுக்கு மேல்.

"பாத்தியே, வேலி இல்லாட்டி இடுப்பளவு வந்திருக்கும்" என்றார் அப்பா.

ஒன்பது மணிக்கு ஓரெஸ்ட் தன் ட்ரக்டரில் வந்து பாதையைத் திறந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. போன வருடமும் அப்படித்தான். என் பக்கத்தில் வந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"அப்பாவிடம் சொன்னாயா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கிறாராம்."

"பத்து நாள்தான் இருக்கிறது. பிறகு நிலம் உறைந்துவிடும். ஒரு கட்டையும் இறங்காது."

நவம்பர் 24

இன்று சொல்ல நினைத்தேன். அப்பா ஆட்டுக்கு வைக்கோல் போட்டபடி பழைய பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

நவம்பர் 26

சொல்லவில்லை.

டிசம்பர் 1

அலவாங்கால் நிலத்தைக் குத்திப் பார்த்தேன். இரும்பில் இரும்பு பட்ட சத்தம். இனி மே மாதம்வரை கட்டை ஊன்ற முடியாது. ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

டிசம்பர் 6

பாதையில் இப்போது தொடையளவு. ஓரெஸ்ட் இந்த வாரம் இரண்டு முறை திறந்தார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தள்ளிய பனி அடுத்த காற்றுக்கு இன்னொரு சுவராக நிற்கிறது.

'பாதி வெளி' என்று ஓரெஸ்ட் சொன்னாரே. அப்பா மதியம் படுத்த நேரத்தில் கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பாதையின் நடுப்பகுதியில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தகரம் கழற்றத் தொடங்கினேன். ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டே இரண்டுதான் கழற்ற முடிந்தது. அப்பா கம்பியை முறுக்கும் விதம் எனக்குத் தெரியும், நாலு சுற்று, பிறகு நுனியை உள்ளே மடித்துவிடுவார், கை கிழியக்கூடாது என்று. அந்த மடிப்பைத் திறக்க என் நகம் உடைந்தது. தகரங்களைப் பனிக்குள் புதைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது சமையலறை யன்னலில் அண்ணி நின்றாள். "என்னடி சுகி, வேலிக்கு வெத்திலை வைச்சு வழியனுப்புறியோ?" என்றாள். காற்றில் கழன்ற தகரத்தைக் கட்டப் போனேன் என்றேன். நம்பினாள். அவள் எதையும் நம்புவாள். நாளுக்கு நாள் கால் வீங்குகிறது அவளுக்கு.

டிசம்பர் 7

அப்பா கண்டுவிட்டார்.

"பொட்டு வைச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். முகம் கறுத்திருந்தது.

ஊரில் வேலியில் ஆள் நுழைய விடும் இடைவெளிக்குப் பொட்டு என்று பெயர். அப்பாவின் வழக்கு முழுவதும் ஒரு பொட்டில்தான் தொடங்கியது. முதலில் தண்ணீர் அள்ள வருவார்கள், பிறகு அது நடைபாதையாகும், பிறகு பாதைக்கு உரிமை கேட்பார்கள்.

"ஓரெஸ்டா? ஏனப்பா அவர்?"

"வேற ஆர்? வேலி போட்ட நாள் தொட்டு நிண்டு நிண்டு பாத்தவன். நல்ல வேலி எண்டு சொன்னவன்தான் முதல்ல கை வைப்பான்."

நல்ல வேலி என்று சொன்னது நான்.

டிசம்பர் 8

இதை எழுதாமல் விட்டால் நல்லது. எழுதுகிறேன்.

ஓரெஸ்ட் பாதை திறக்க வந்தார். அப்பா போய் ட்ரக்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் சப்பாத்தின் நாடாவைக்கூடக் கட்டாமல் ஓடினேன்.

"கள்ளன்! உன்ர வயல் உனக்குப் போதாதே? என்ர எல்லையில கை வைக்க நீ ஆர்?" அப்பா தமிழில் கத்தினார். எச்சில் தாடியில் உறைந்தது. "சொல்லு பிள்ளை! இனி இந்தப் பாதையில கால் வைக்கக்கூடாது எண்டு சொல்லு!"

ஓரெஸ்ட் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான் சொன்னேன்: "இவ்வளவு நாள் உதவி செய்ததற்கு நன்றியாம். உங்களுக்குச் சிரமம் தரக் கூச்சமாக இருக்கிறதாம். இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோமாம்."

ஓரெஸ்ட் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. அந்த முகத்தோடு யாரும் நன்றி சொல்வதில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "சரி" என்றார். ட்ரக்டரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இனி வரமாட்டாராம்."

அது மட்டும் உண்மை.

டிசம்பர் 10

புதைத்த தகரங்களை அப்பா தோண்டி எடுத்துத் திரும்பவும் கட்டினார். இந்த முறை இரட்டைக் கம்பி. இரண்டோடு நிற்கவில்லை. முற்றத்திலிருந்து தொடங்கி எல்லாக் கட்டைக்கும் இரட்டைக் கம்பி போடுகிறார்.

டிசம்பர் 15

பாதையை இப்போது நானும் அப்பாவும் சவளால் பனியை அள்ளி எறிந்து திறக்கிறோம். காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் இரண்டு. ட்ரக் ஒன்று போக அளவான ஒரு வெட்டுவாய்க்கால். இருபக்கமும் நெஞ்சளவு. உள்ளே நடந்தால் வானம் ஒரு கோடாகத் தெரிகிறது. அப்பா மூச்சு வாங்குகிறார், ஆனாலும் உற்சாகமாக இருக்கிறார். எதிரி இருப்பது அவருக்கு நல்லது போலிருக்கிறது.

டிசம்பர் 22

அண்ணா அல்பேர்ட்டாவிலிருந்து பேசினார். "அண்ணியை முதலே நகரத்துக்குக் கூட்டிப்போய் விடுவமே? இப்பவே?" என்றேன்.

"ஏன், ஏதும் பிரச்சினையே?"

"இல்லை. சும்மாதான். பனி."

"அப்பா வேலி போட்டிருக்கிறார்தானே. அவற்ர வேலையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். அந்த வீட்டுக்காரரும் பன்ரண்டாம் தேதிதான் திரும்பி வருகினம், சுகி. பயப்பிடாதை."

பயப்படாதே என்று அண்ணா சொன்னபிறகுதான், ஒக்டோபரிலிருந்து நான் வேறு எதுவுமே செய்யவில்லை என்று விளங்கியது.

டிசம்பர் 31

நேற்று முழுவதும் காற்று. பிள்ளை அசைகிறதா என்று அண்ணியைப் பத்து முறை கேட்டேன். "உன்னைவிடக் குறைவாத்தான் அசையுது" என்றாள். எனக்குப் போர்வை போர்த்திவிட்டாள். எனக்கு அவள்.

ஜனவரி 4

துருவப் பயணிகளின் குறிப்பேடுகள் சிலவற்றை முன்பு விரும்பிப் படித்திருக்கிறேன். எல்லோரும் வானிலையை எழுதுகிறார்கள், உணவை எழுதுகிறார்கள், நாய்களை எழுதுகிறார்கள். தவறு செய்தது யார் என்று எழுதுவதில்லை. அதை அவர்களுடைய கண்ணியம் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 7

நாளை மறுநாள் பெருங்காற்று வரும் என்று வானொலி சொல்கிறது. அண்ணா வர நாலு நாள் இருக்கிறது. ஓரெஸ்டுக்கு ஃபோன் எடுக்க எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஆஸ்பத்திரி

ஒன்பதாம் தேதி நடந்ததை எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கே பாதை நிரம்பிவிட்டது. வெட்டுவாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. வேலியின் தலைக்குச் சமமாக, மேசைபோல வெள்ளை. காற்றில் எதிரே நீட்டிய கை தெரியவில்லை. குளிர் முப்பத்தொரு பாகை சைபருக்குக் கீழே.

பதினொன்றரைக்கு அண்ணி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "சுகி, இஞ்ச ஒருக்கா வா." சாதாரணக் குரல். உப்புப் போத்தலைக் கேட்பதுபோல. வெள்ளைத் தரையில் இரத்தம். ஒரு துளி இல்லை.

அவசர எண்ணுக்கு எடுத்தேன். அம்புலன்ஸ் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரும், பெரிய ரோட்டுவரை வரும், உள்பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பெண் ஒருத்தி, மிக அமைதியாக, "அப்படியானால் ரோட்டுக்கு யாராவது அவரைக் கொண்டுவர முடியுமா?" என்றாள்.

அடுத்து ஓரெஸ்டுக்கு. ஒரே மணியில் எடுத்தார். நான் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன், இன்றைக்கு நடப்பதை மட்டும். அவர் ஒக்டோபரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என் வயல் வெறுந்தரையாகக் கிடக்கிறது. ட்ரக்டரில் உங்கள் வீட்டுக்கு நேரே வேலிவரை இருபது நிமிடத்தில் வருவேன். வேலியை இடித்துத் தள்ளலாம், ஆனால் இந்தக் காற்றில் தகரம் பறந்தால் கழுத்தை வெட்டும், கம்பி சக்கரத்தில் சுற்றினால் ட்ரக்டரும் இல்லை. ஒரு தகரத்தைக் கழற்றி வையுங்கள். அவளை அதற்குள்ளால் தாருங்கள்."

அப்பா கூடத்தில் சவளோடு நின்றார். பாதையைத் திறக்கப் போகிறாராம். இருநூறு மீற்றரை.

"அப்பா, ஓரெஸ்ட் வயலுக்குள்ளால வாறார். வேலியில ஒரு தகரம் கழட்டவேணுமாம்."

"அவனோ? அவனுக்கு நான் பொட்டு வைச்சுக் குடுக்கவோ?"

அப்போது சொன்னேன். நின்றபடி, ஒரு கையில் இரத்தம் பட்ட துவாயோடு. "தகரம் கழட்டினது நான். அவர் இல்லை. ஒக்டோபரில அவர் சொன்னது நல்ல வேலி எண்டு இல்லை. இஞ்ச போடாதைங்கோ, பனி முழுக்கப் பாதையில விழும், தன்ர வயலுக்குள்ள நூற்றைம்பது அடி தள்ளிப் போடுங்கோ, தான் வேலிச் சுருளும் தாறன் எண்டவர். நான் உங்களுக்கு மாத்திச் சொன்னனான். நீங்கள் கத்தினதையும் அவருக்கு மாத்திச் சொன்னனான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பயந்தது அந்தப் பார்வைக்குத்தான், மூன்று மாதமாக. கட்டிலுக்குத் திரும்பிவிடுவார் என்று, ரோட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று. அவருடைய கண் என் முகத்தில் இருந்து துவாய்க்கு இறங்கியது.

"குறடு எங்க?" என்றார்.

முற்றத்திலிருந்து வேலிவரை இருபத்தைந்து அடி. இறுகிய பனிமேட்டில் தவழ்ந்து போனோம். தகரத்தின் அடியில் மட்டும் காற்று பனியைக் குடைந்து, ஓர் ஆள் குந்தியிருக்க அளவாகப் பள்ளம் வைத்திருந்தது. அப்பா அதற்குள் இறங்கினார். ஒரு தகரத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கட்டு. ஆறு கட்டு, எல்லாம் இரட்டைக் கம்பி, எல்லாம் நுனி மடித்தது, எல்லாவற்றின்மேலும் கண்ணாடிபோலப் பனிக்கட்டி. தடித்த கையுறைக்குள் குறடு வழுக்கியது. இரண்டாவது முறை வழுக்கியதும் அப்பா வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி எறிந்தார்.

"நான் கழட்டுறன், விடுங்கோ."

"உனக்குத் தெரியாது உது. நான் கட்டினது. நீ பிள்ளையிட்டப் போ."

போனேன். அண்ணி கதவருகே மெத்தையில் படுத்திருந்தாள். உதடு சாம்பல் நிறம். "மாமா வெளியில என்ன செய்யிறார்?" என்றாள். "வேலியைத் திறக்கிறார்" என்றேன். "ஐயோ, அவற்ர வேலி" என்றாள்.

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறு நிமிடம். வேலிக்கு அந்தப் பக்கம் ட்ரக்டரின் மஞ்சள் விளக்கு வந்து நின்றுவிட்டது, காத்திருந்தது. பிறகு காற்றுக்குள் ஒரு சத்தம், தகரம் ஒன்று சாய்ந்து விழும் சத்தம்.

மெத்தையோடு இழுத்தோம். தகரம் இருந்த இடத்தால் ஓரெஸ்ட் கையை நீட்டினார். அவரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கமாக அண்ணியைத் தூக்கி ட்ரக்டரின் கண்ணாடிக் கூட்டுக்குள் ஏற்றினார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக் குறுகி உட்கார்ந்தேன். நாலு பேருக்கு இடமில்லை. கதவு மூடும்போது அப்பா வயலுக்குள் நின்றார், ஓரெஸ்டின் காணிக்குள், தன் வேலிக்கு வெளியே. வலது கையை இடது அக்குளுக்குள் வைத்திருந்தார். அவருடைய வாய் அசைந்தது. ஓரெஸ்ட் என்னிடம், "என்ன சொல்கிறார்?" என்றார்.

"விரைவாகப் போகச் சொல்கிறார்" என்றேன். அதைத்தான் சொன்னார்.

ரோட்டில் அம்புலன்ஸ் நாற்பது நிமிடமாக நின்றிருந்தது.

ஜனவரி 12

பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். அண்ணி இன்னும் கண் திறக்கவில்லை. அண்ணா வந்துவிட்டார். சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். அவரிடமும் நேற்றே சொன்னேன், எல்லாவற்றையும். இன்றுவரை என்னோடு பேசவில்லை என்று எழுதலாம், ஆனால் ஒரு நாள்தான் ஆகிறது.

ஜனவரி 13

அண்ணி கண் திறந்தாள். மாலையில் அந்த மருத்துவர் வந்தார். இரத்தம் நிற்கவில்லை, கருப்பையை எடுத்தால்தான் உயிர் என்றாகிவிட்டது, எடுத்துவிட்டோம் என்றார். "ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்தினார். அண்ணிக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் ஆங்கிலம். "என்ன சுகி சொல்லுறார்?" என்றாள்.

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் நிறுத்திய அரை வசனத்தையும் சொன்னேன். ஏன் அந்த ஒரு மணித்தியாலம் போனது என்பதையும் சொன்னேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெப்ரவரி 26

அண்ணாவும் அண்ணியும் குழந்தையோடு நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். நான் போகவில்லை, அவர்கள் கூப்பிடவுமில்லை. குழந்தைக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்களாம், ஓரெஸ்ட் சொல்லித்தான் தெரியும்.

அப்பாவின் வலது கையில் அன்று குளிரில் கறுத்துப்போன சுட்டுவிரலையும் நடுவிரலையும் நேற்று எடுத்துவிட்டார்கள். இன்று காலை ஓரெஸ்ட் தன் வயல்வழியே கொண்டுவந்து விட, தகரம் கழற்றிய இடத்தால் வீட்டுக்கு வந்தோம். அந்தப் பொட்டை அடைக்க அப்பா சொல்லவில்லை.